டிராக்டர் ஓடும்போதே வேலி பேட்டரிக்கு சார்ஜ் ஏறுமா?

கேள்வி: மழை நாள்களில் சூரிய மின்வேலியின் பேட்டரி நிரம்புவதில்லை. சந்தைக்குப் போகும்போது அதை டிரெய்லரில் வைத்து, டிராக்டர் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து சார்ஜ் ஏற்றலாமா?
– வாசகர், தாளவாடி

பதில்: ஏற்றலாம். படகை டிரெய்லரில் இழுத்துச் செல்பவர்கள் படகு பேட்டரிக்கு வழியிலேயே சார்ஜ் ஏற்றுவதும் இதே முறையில்தான். ஆனால், இரண்டு பேட்டரிகளையும் வெறும் வயரால் இணைத்துவிட்டால் போதாது. அப்படிச் செய்தால் ராத்திரி வேலியும் வேலை செய்யாது, காலையில் டிராக்டரும் கிளம்பாது. மக்காச்சோளம் கதிர் பிடித்திருக்கும்போது ஒரே ஓர் இரவு வேலியில் மின்சாரம் இல்லாவிட்டால், பன்றிக் கூட்டம் பாதிக் காட்டைச் சாய்த்துவிடும்.

எவ்வளவு ஏறும்? வேலிக்கு 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். லெட்-ஆசிட் பேட்டரிக்கு அதன் அளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 ஆம்பியர் வேகத்தில் ஏற்றுவது நல்லது. சந்தைக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் 8 ஆம்பியர்-மணி ஏறும். சேதாரம் போக 7 நிற்கும். வேலி இயந்திரம் 0.3 ஆம்பியர் எடுப்பதாக இருந்தால், 12 மணி நேர இரவுக்கு 3.6 ஆம்பியர்-மணி தேவை. ஆக, ஒரு சந்தைப் பயணத்தில் ஏறத்தாழ 2 இரவுக்கான சார்ஜ் கிடைக்கும். இயந்திரம் எடுக்கும் ஆம்பியர் அதன் தகட்டில் இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பாதி காலியான பேட்டரி முழுதாக நிரம்ப 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஒரே பயணத்தில் நிரம்பிவிடாது.

வயர் கனமாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது டிராக்டர் பேட்டரியில் 14.2 வோல்ட் அளவுக்கு இருக்கும். அங்கிருந்து டிரெய்லர் பெட்டி 6 மீட்டர் தூரம் என்றால், போக வர 12 மீட்டர் வயர். வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 10 ஆம்பியர் ஓடினால், ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். மறுமுனைக்கு 12.7 வோல்ட்தான் வந்து சேரும். சார்ஜ் ஏறுவது மந்தமாகிவிடும். அதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. மைனஸுக்கும் தனி வயர் வேண்டும். டிரெய்லர் கொக்கி வழியாக மைனஸ் வந்துவிடும் என்று விட்டால், குலுங்கும்போதெல்லாம் இணைப்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

இரண்டு முனையிலும் பியூஸ் வேண்டும். இங்கே வயரின் இரு பக்கமும் பேட்டரி இருக்கிறது. நடுவில் வயர் தேய்ந்து இரும்பில் பட்டால் இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் பாயும். வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். டிரெய்லரில் வைக்கோல் இருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் ஒவ்வொரு பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், 30 ஆம்பியர் பியூஸ் போட வேண்டும்.

எஞ்சின் நின்றதும் இணைப்பு விலக வேண்டும். இல்லாவிட்டால் டிராக்டர் பேட்டரியில் இருக்கும் சார்ஜை வேலி பேட்டரி இழுத்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் மோட்டார் வேலி பேட்டரியிலிருந்தும் மின்சாரம் இழுக்கும், பியூஸ் போய்விடும். வோல்ட் அளவைப் பார்த்துத் தானாக இணைத்து, தானாக விலக்கும் ரிலே கிடைக்கிறது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கத் தொடங்கிய பிறகே அது இணைக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொடுத்தால் பொருத்தித் தருவார்.

அடியோடு காலியான பேட்டரியை இப்படி இணைக்கக் கூடாது. அது எடுத்த எடுப்பில் அதிக ஆம்பியர் இழுக்கும். டிராக்டரின் ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர் என்றால், அதிலிருந்துதான் விளக்குக்கும் டிராக்டரின் சொந்த பேட்டரிக்கும் கொடுத்தாக வேண்டும். ஓய்வில் இருக்கும் பேட்டரியில் 12.2 வோல்ட் காட்டினால் ஏறத்தாழ பாதி சார்ஜ் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே இறங்க விடாமல் ஏற்றிக்கொண்டே வந்தால் பேட்டரியும் நீண்ட நாள் உழைக்கும். பார்ப்பதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

பேட்டரியைப் பெட்டிக்குள் அசையாமல் கட்ட வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்று போக வழி இருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகே வயரைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பொறி பறக்கும்.

கைத்தெளிப்பானில் இருக்கும் சின்ன பேட்டரியை இந்த வயரில் மாட்டக் கூடாது. அதிலும் லித்தியம் பேட்டரியாக இருந்தால் 14 வோல்ட்டை நேராகக் கொடுப்பது ஆபத்து. அதற்கென்று கொடுத்த சார்ஜரில் மட்டுமே ஏற்ற வேண்டும்.

சார்ஜ் ஏற்றுவதற்காகவே டிராக்டரை ஓடவிடுவது வீண் டீசல் செலவு. சந்தைக்குப் போகாத நாளில், வீட்டு மின்சாரத்தில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரை மாட்டி பேட்டரியை நிரப்பிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வேலிக்குக் கொண்டுபோய்விடலாம். பேட்டரி தீர்ந்துவிட்டதே என்று மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்து வேலியில் நேரடி மின்சாரம் கொடுப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. அது சட்டப்படி குற்றம். விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் வீட்டு ஆளே அதில் மாட்டிக்கொள்ளலாம்.