மந்தையில் ஒரு மட்டக்குதிரை

தோள் மேட்டில் அளந்தால் 58 அங்குலத்தை, அதாவது 147 சென்டிமீட்டரை, எட்டாத குதிரையை மட்டக்குதிரை என்று வகைப்படுத்துகிறார்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளின் மட்டக்குதிரை 42 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அந்த இனத்தின் பதிவு விதி. எடை ஏறக்குறைய 200 கிலோ. பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் 64 அங்குல உயரமும் 500 கிலோ எடையும் கொண்டது. இத்தனை வித்தியாசம் உள்ள இரண்டையும் ஒரே மேய்ச்சல் நிலத்தில் விடுவது குதிரை வளர்ப்போரிடையே பழைய வழக்கம்தான். பெரும்பாலும் அது நல்லபடியாகவே முடிகிறது. கெட்டுப்போகும் இடங்களில் அவசரம்தான் காரணமாக இருக்கிறது.

குதிரை கூட்டத்தோடு வாழப் பிறந்த பிராணி. ஒற்றையாக லாயத்தில் அடைத்துப்போட்டால் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கும். தொட்டி விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்கும். கெட்ட பழக்கம் என்று அதை அதட்டுபவர்கள் உண்டு. அடைபட்ட உயிரின் தவிப்பு அது. சுவிட்சர்லாந்து 2008-ல் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், ஒவ்வொரு குதிரையும் தன் இனத்தில் இன்னொன்றைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் வழி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை சீபிஸ்கட்டின் படபடப்பைத் தணிக்க, பயிற்சியாளர் டாம் ஸ்மித் முதலில் ஓர் ஆட்டை அதன் லாயத்தில் விட்டார். குதிரை ஆட்டைக் கவ்வி வெளியே தள்ளிவிட்டது. அடுத்து வந்த பம்ப்கின் என்ற குதிரையோடு ஒட்டிக்கொண்டு அமைதியானது. அப்படி ஒரு துணைக்கு மட்டக்குதிரையைத் தேடுவதில் நியாயம் உண்டு: தீவனம் கொஞ்சம் போதும், உடல் உறுதி, ஆயுளும் நீளம்.

வாங்கி வந்த அன்றே மந்தைக்குள் விடக் கூடாது. முதல் மூன்று வாரம் தனிக் கொட்டில், தனி வாளி, தனித் துடைப்பான் என்று ஒதுக்கி வைக்க வேண்டும். ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டி ஈரோடு மாவட்டம் அந்தியூரில் கூடும் சந்தையைப் போல, பல ஊர்க் குதிரைகள் மூச்சோடு மூச்சு உரசி நின்ற இடத்திலிருந்து வந்தது என்றால் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கண்டிப்பாக வேண்டும். தாடைக்குக் கீழே நெறிகட்டிச் சீழ் பிடிக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ், தொற்றிய பிறகு இரண்டு வாரம் வரை வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். தினமும் வெப்பமானி வைத்துப் பார்த்து, 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கிளாண்டர்ஸ் இதைவிடக் கொடியது. மனிதருக்கும் தொற்றும், குதிரைக்கு உறுதியானால் கருணைக்கொலைதான். ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான ரத்தப் பரிசோதனையில் முன்னணியில் இருக்கிறது. சோதனை முடிவு கைக்கு வரும்வரை, புதிதாக வந்தது எவ்வளவு ஏக்கமாகக் கனைத்தாலும் மனம் இளகக் கூடாது.

வந்தது ஆண் என்றால் காயடித்ததா என்று கேட்டுக்கொள்வது அவசியம். காயடிக்காத மட்டக்குதிரை தன்னைவிட ஒன்றரை மடங்கு உயரமான பெட்டையையும் சினையாக்கிவிடும். சரிவான நிலம் ஒன்று இருந்தால் போதும். காயடித்த பிறகும் ஆறு வாரம் பெட்டைகளோடு சேர்க்காமல் இருப்பது நல்லது.

அடுத்து நிலத்தைப் பார்க்க வேண்டும். பெரிய குதிரைக்காகப் போட்ட வேலியில் அடிக்கம்பிக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, மட்டக்குதிரைக்குத் திறந்த வாசல். முள்கம்பி எந்தக் குதிரைக்குமே ஆகாது. நிலத்தின் கூர்மையான மூலைகளைக் குறுக்கே மரச்சட்டம் கட்டி மழுக்கிவிட வேண்டும். துரத்தப்படும் சிறிய குதிரை ஓடிப்போய்ச் சிக்குவது அங்கேதான். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு அதன் வாய்க்கு எட்டுகிறதா என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வெயில் காலத்தில் ஒரு பகல் தண்ணீர் இல்லாமல் போனாலே குதிரைக்கு வயிற்றுவலி வந்துவிடக்கூடும்.

முதல் சந்திப்பு வேலிக்கு இருபுறமும் நடக்கட்டும். பெரிய குதிரை கழுத்தை வில்லாக வளைத்து, காதுகளை முன்னே நிமிர்த்தி வரும். மட்டக்குதிரை முகத்தை அண்ணாந்து நீட்டும். மூக்கோடு மூக்கு வைத்துச் சில மூச்சு நேரம் அசையாமல் நிற்கும். திடீரென்று ஒரு கிறீச்சென்ற அலறல், முன்னங்காலால் ஓர் உதறல், இரண்டும் விலகும், மறுபடி நெருங்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு இது சண்டையாகத் தோன்றும். அறிமுகம் அப்படித்தான் நடக்கும். காதுகள் பிடரியோடு ஒட்டிப் படிந்து, பல் தெரிய, வேலியின் மேல் பாய்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். சில நாட்களில் அலறல் குறைந்து, வேலியின் இருபுறமும் அருகருகே நின்று மேயத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

மந்தை முழுவதையும் ஒரேயடியாகச் சந்திக்க வைப்பது கொடுமை. சாதுவான, வயதான ஒரு குதிரையைப் பிரித்து, அதனோடு மட்டும் மட்டக்குதிரையைச் சில நாள் மேயவிட வேண்டும். பிறகு இரண்டாவது, மூன்றாவது. கடைசியில் கூட்டம் முழுதும் ஒன்று சேரும்போது, புதிதுக்குப் பழகிய நண்பன் ஒருவனாவது பக்கத்தில் இருப்பான். அந்தச் சந்திப்பைக் காலையில் வைத்துக்கொண்டால் பகல் முழுக்கக் கண்காணிக்கலாம். பெரிய குதிரைகளின் பின்னங்கால் லாடங்களை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். உயரமான இன்னொரு குதிரையின் தொடைச் சதையில் விழவேண்டிய உதை, மட்டக்குதிரையின் தாடையிலோ விலாவிலோ விழும். இரும்பு இல்லாத குளம்பு என்றால் எலும்பு தப்பிக்க வழி உண்டு. தானியத்தை நிலத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. உலர்புல்லைக் குதிரைகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குவியல் கூடுதலாக, தள்ளித் தள்ளிப் போட்டால், ஒன்றிலிருந்து விரட்டப்பட்டது இன்னொன்றில் வாய் வைத்துக்கொள்ளும்.

துரத்தலும் கடியும் முதல் நாளில் இருக்கத்தான் செய்யும். மனிதர் குறுக்கே புகுவது ஆபத்து, பயனும் குறைவு. ஓடிய குதிரைக்கு விலகி நிற்க இடம் கிடைத்தால் துரத்தியது நின்றுவிடும். மந்தையில் யார் மேல், யார் கீழ் என்பதை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வயதும், அங்கே இருந்த காலமும், சுபாவமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. தண்ணீர்த் தொட்டியருகே 500 கிலோ குதிரைகளை ஒதுங்கச் செய்துவிட்டுத் தான் முதலில் குடிக்கும் ஷெட்லாந்துகள் உண்டு. உறவு பலப்பட்டதற்கு அடையாளம், இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றன் பிடரி அடியை மற்றது பல்லால் கோதிவிடுவது. பிரான்சின் கமார்க் குதிரைகளை ஆராய்ந்து கிளாடியா ஃபேயும் ஜான் த மஸியேரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, கழுத்தடியில் இப்படிக் கோதும் இடத்தைத் தேய்த்தால் இதயத் துடிப்பு குறைவதைக் காட்டியது.

உதையைவிட மட்டக்குதிரைக்குப் பெரிய பகை தீவனம். ஷெட்லாந்து போன்ற ஈரக் காற்றடிக்கும் மேட்டு நிலத்தில், சத்துக் குறைந்த புல்லைத் தின்று பிழைக்கப் பழகிய உடல் அது. பெரிய குதிரைக்கு ஏற்ற செழும்புல்லும் கொள்ளும் அதற்குக் கொழுப்பாகச் சேரும். கூடவே லாமினைட்டிஸ் வரும். குளம்புக்குள் இருக்கும் மெல்லிய திசுத்தகடுகள் வீங்கி, எலும்பைத் தாங்கும் பிடி தளர்ந்துபோகும் நோய் இது. முன்னங்கால்களை நீட்டி, எடையைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும் குதிரை அந்த வலியில் இருக்கிறது. முற்றிய உலர்புல், அளந்து போடுவது, மேயும்போது வாய்க்கூடை கட்டுவது ஆகியவை நடைமுறைத் தடுப்புகள். பட்டினியும் இதே அளவு ஆபத்து. கொழுத்த மட்டக்குதிரை பயத்தில் தின்பதை நிறுத்தினால், உடல் கொழுப்பு ரத்தத்தில் கொட்டி, ஈரல் செயலிழந்து, சில நாட்களில் உயிர் போய்விடும். சேர்த்துவிட்ட முதல் வாரத்தில் அது உண்மையில் தின்கிறதா, சாணம் வழக்கம்போல் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டியது அதனால்தான்.

நட்பு அளவு மீறிப்போவதும் உண்டு. சவாரிக்கு ஒன்றை அழைத்துப்போனால் மற்றது வேலியோரம் வியர்த்து ஓடும். ஆரம்பத்திலிருந்தே சில நிமிடங்கள் பிரித்துப் பழக்கினால் இந்தத் துன்பம் குறையும். பல வாரம் ஆகியும் புதிது ஒதுங்கியே நின்று இளைத்தால், அல்லது ஒரு குறிப்பிட்ட குதிரை அதை விடாமல் மூலையில் மடக்கினால், வற்புறுத்தாமல் பிரித்துவிட வேண்டும். அதற்குப் பழகிய அந்தச் சாதுக் குதிரையோடு பக்கத்து நிலத்தில் இருவராக வைத்துக்கொண்டாலே இரண்டுக்கும் துணை இருக்கும்.