புது ஆறும் குளிர்காய்ச்சலும்

முதல் உலகப் போர் முடிந்த 1918-க்கும் அடுத்த போர் தொடங்கிய 1939-க்கும் இடைப்பட்ட காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தின் பொது சுகாதாரத்தை வேறெதையும்விட அதிகமாகப் பாதித்த நிகழ்ச்சி எந்த மருத்துவமனையின் திறப்பும் அன்று. 1934-இல் மேட்டூர் அணை நிறைவடைந்ததும், அதன் நீரைப் பட்டுக்கோட்டைச் சீமைவரை கொண்டு செல்லக் கல்லணையிலிருந்து புதிதாக ஒரு கால்வாய் வெட்டப்பட்டதும்தான். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் ஆகியவற்றின் மதகுகளோடு நான்காவதாகச் சேர்ந்த இந்தக் கல்லணைக் கால்வாய் பூதலூர் வட்டாரத்தைக் கடந்து தஞ்சாவூரை அடைகிறது. அங்கிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தெற்கே இறங்கிக் கடற்கரைக்கு அருகில் முடிகிறது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள இதனைத் தஞ்சாவூர் மக்கள் இன்றும் புது ஆறு என்றே அழைக்கிறார்கள். அதுவரை ஏரியையும் மழையையும் நம்பியிருந்த மேட்டுப்பாங்கான செம்மண் பூமி இதனால் நெல் விளையும் நிலமாயிற்று. அதே ஊர்களில் குளிர்காய்ச்சல் என்று சொல்லப்பட்ட மலேரியாவும் பெருகியது.

அக்காலத்தில் ஊர்ச் சுகாதாரம் யார் பொறுப்பில் இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின்படி 1920-க்குப் பிறகு பொது சுகாதாரம் மாகாண அமைச்சர்களிடம் விடப்பட்ட துறைகளுள் ஒன்றானது. சென்னை மாகாணத்தில் அதே ஆண்டில் இயற்றப்பட்ட நகராட்சிச் சட்டமும் உள்ளாட்சி வாரியச் சட்டமும் அப்பொறுப்பைத் தரைமட்டத்தில் நகராட்சிகளுக்கும் ஜில்லா போர்டுக்கும் பிரித்தளித்தன. ஜில்லா போர்டு என்பது இன்றைய மாவட்ட ஊராட்சியின் மூதாதை என்றாலும், சாலை, பள்ளி, மருந்தகம், சந்தை எனப் பலவற்றையும் சொந்த வருவாயில் நடத்திய, இன்றையதைவிடக் கனமான அமைப்பு. 1924 முதல் 1930 வரை தஞ்சாவூர் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் பின்னாளில் மாகாண அமைச்சராகவும் உயர்ந்தார் என்பதிலிருந்தே அப்பதவியின் மதிப்பை அறியலாம். 1920-களில் மாவட்டந்தோறும் ஒரு சுகாதார அதிகாரி, அவருக்குக் கீழே ஹெல்த் இன்ஸ்பெக்டர்கள், அம்மை குத்துபவர்கள் என்ற வரிசை ஏற்பட்டது. கிண்டி கிங் நிலையத்தில் தயாரான அம்மைப்பாலைக் கொண்டு ஊர் ஊராய்க் குத்துவதும், காலரா கண்ட ஊர்களில் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவதும், 1933-இல் கும்பகோணத்தில் நடந்த மகாமகம் போன்ற பெருந்திரள்களில் தண்ணீரையும் கழிவையும் கவனிப்பதும் இவர்களைப் போன்றோரின் வேலை. காவிரித் தண்ணீரைக் குளிக்கவும் குடிக்கவும் ஒரே துறையில் எடுத்த ஊர்களில் காலராவே முதல் எதிரி. யானைக்கால் கும்பகோணத்துக்கு ஓர் அவப்பெயராகவே இருந்தது. பழைய டெல்டாவில் மலேரியாவுக்கு மட்டும் அத்தகைய இடம் இருந்ததில்லை.

இதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் பரோக்கள், அதாவது தமக்கென மன்றமும் மேயரும் கொண்ட நகர்ப் பிரிவுகள், சுகாதாரத்தை நடத்திய விதம் ஒப்புநோக்கத் தக்கது. லண்டனில் தேம்ஸின் தென்கரையில் தோல் பதனிடும் தொட்டிகளுக்கும் பிஸ்கட் ஆலைகளுக்கும் இடையில் நெருங்கி வாழ்ந்த ஏழைகளின் பெர்மாண்ட்சி பரோ அவற்றுள் பெயர்பெற்றது. அங்கே மருத்துவர் ஆல்ஃபிரட் சால்டரும், 1922-இல் மேயரான அவருடைய மனைவி ஏடா சால்டரும் சுகாதாரத்தை அரசியலின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். காசநோயாளருக்கு ஒளிச் சிகிச்சை நிலையம் 1926-இல் வந்தது. மன்றத்தின் சுகாதாரத் துறையே திரைப்படம் எடுத்து, வண்டியில் ஏற்றித் தெருமுனையில் காட்டியது. நம் ஒப்பீட்டுக்குப் படத்தைவிட முக்கியமானவர் அந்தப் பரோவின் சுகாதார மருத்துவ அதிகாரி. ஆண்டுதோறும் தம் எல்லைக்குள் யார் எதனால் இறந்தார்கள் என்று அச்சிட்ட அறிக்கையில் சொல்லக் கடமைப்பட்ட அவர், ஒழுகும் வீட்டுக்கும் உடைந்த கழிவுக் குழாய்க்கும் உரிமையாளர்மேல் நடவடிக்கை எடுக்க மன்றத்தைத் தூண்டக்கூடியவராகவும் இருந்தார். லண்டனின் குடிநீரும் பெருஞ்சாக்கடையும் வேறு அமைப்புகளிடம் இருந்தமையால் அவருடைய அதிகாரமும் முழுமையானதன்று. ஆயினும் நோய்க்குக் காரணமான இடமும் நோயை எண்ணுபவரும் பெரும்பாலும் ஒரே மன்றத்தின் கைக்குள் அடங்கினர்.

தஞ்சாவூரில் நிலைமை நேர்மாறு. நோயை எண்ணியவர் ஜில்லா போர்டின் சுகாதார அதிகாரி. தண்ணீரை ஆண்டது பொதுப்பணித் துறை. தண்ணீருக்கு வரி வாங்கியது வருவாய்த் துறை. ஒரு மதகு ஒழுகினால் அதை எழுதி வைக்கலாமேயன்றி அடைக்கச் சொல்ல அந்தச் சுகாதார அதிகாரிக்கு வழியில்லை. புது ஆறு வந்தபோது இந்தப் பிளவு வெளிச்சத்துக்கு வந்தது.

1930-களின் நடுவில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனம் பட்டுக்கோட்டையில் மலேரியா ஆய்வு ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைமை ஏற்ற பால் ரசல் பிலிப்பைன்ஸில் இதே நோயை ஆராய்ந்துவிட்டு வந்தவர். அவருடன் பொறியாளர் ஃபிரெட் நைப்பும், ராமச்சந்திர ராவ் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்களும் வேலை செய்தார்கள். ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என்று அறிய அக்காலத்தில் கையாண்ட எளிய வழி குழந்தைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பது: காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்த பிள்ளைக்கு இடது விலாவின் கீழே அது வீங்கித் தடித்துக் கைக்குத் தட்டுப்படும், நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி இருக்கிறது என்பதே அந்த ஊரின் மண்ணீரல் விகிதம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, விரல் அகலம் இரண்டா மூன்றா என்று விலாவிலிருந்து அளந்து குறிக்கும் அந்த வேலைக்கு ஆய்வகமும் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை.

கண்டறியப்பட்ட குற்றவாளி அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்னும் கொசு. இது பெரும்பாலும் மாட்டின் இரத்தத்தையே நாடுவது, பகலில் வீட்டுக்குள்ளும் மாட்டுக் கொட்டிலிலும் ஒண்டிக் கிடப்பது, தெளிந்த நீரில், வெயில் படும் இடத்தில் முட்டையிடுவது. அப்படியானால் நூற்றாண்டுகளாகத் தண்ணீரிலேயே மிதக்கும் பழைய டெல்டா ஏன் தப்பியது, அதே காவிரித் தண்ணீர் போய்ச் சேர்ந்த பட்டுக்கோட்டை ஏன் அகப்பட்டது என்ற கேள்வி எழுகிறது. நெல் வயலே மலேரியாவின் தாய் என்று பொதுவாகச் சொல்லிவந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இடைஞ்சலாக இருந்திருக்கும்.

அதற்கான விடையின் ஒரு பகுதி, ரசலும் ராவும் செய்து 1942-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் இருக்கிறது. நட்ட புதிதில் வயலில் ஏராளமாகக் காணப்படும் இந்தக் கொசுவின் புழுக்கள், பயிர் ஓரடிக்கு மேல் வளர்ந்தபின் காணாமற் போவதை அவர்கள் கவனித்தார்கள். நிழல் விழுவதால் கொசு ஒதுங்குகிறது என்று நினைப்பதுதான் இயல்பு. அதைச் சோதிக்க அவர்கள் நிழல் தராத குச்சிகளைப் பயிரைப் போல நெருக்கமாகத் தண்ணீரில் நிறுத்தினார்கள். வெயில் முழுதும் விழுந்தும் கொசு அங்கே முட்டையிடவில்லை. இந்தப் பெண்கொசு நீரின்மேல் அமர்ந்து முட்டையிடுவதில்லை. நீர்ப்பரப்புக்குச் சில அங்குலம் மேலே நின்று ஆடியாடிப் பறந்தபடியே ஒவ்வொன்றாக உதிர்க்கிறது. அந்த ஆட்டத்துக்கு இடம் வேண்டும், தாள்கள் குறுக்கே நின்றால் ஆட முடியாது. ஆகவே முற்றிய பயிர் நிற்கும் வயல் கொசுவுக்குப் பாதி மூடிய கதவு. நாற்றங்காலும், சேறடித்து நடவுக்கு முன் நிற்கும் வயலும், நட்ட முதற்சில வாரங்களும்தான் அதற்குத் திறந்திருக்கும் காலம்.

மீதிப் பகுதி வயலுக்கு வெளியே இருந்தது. 1938-இல் ரசல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, குறைபாடுள்ள, ஒழுங்கற்ற பாசனத்தால் வரும் மலேரியா என்று தலைப்பிலேயே குற்றத்தைச் சுமத்தியது. கரை போட மண் எடுத்துவிட்டு மூடாமல் விட்ட குழிகள், ஷட்டர் சரியாக இறங்காத மதகின் கீழே தேங்கும் கசிவு, கண்ணாறுகள் என்னும் சிறு வாய்க்கால்கள் முடியும் இடத்தில் வடிய வழியின்றிப் பரவும் உபரி நீர் ஆகியவையே அவர் காட்டிய வகை இடங்கள். பழைய டெல்டாவில் பாய்ச்சும் வாய்க்காலுக்கு நிகராக வடிகாலும் தலைமுறை தலைமுறையாக அமைந்திருக்கிறது. ஒருவன் வயலில் மிகுந்த நீர் அடுத்தவன் வயலிலும், அதில் மிகுந்தது வடிகாலிலும் விழும். கோடையில் ஊரே கூடிக் குடிமராமத்து என்ற பெயரில் தூர் எடுத்துவந்த பழக்கமும் இருந்தது. புது ஆற்றுப் பாசனத்தில் தண்ணீர் முதலில் வந்தது; வடிகாலும், வாய்க்காலைப் பேணும் பழக்கமும் பின்னால் வரவேண்டியிருந்தன. பொறியாளர்களைக் குறை சொல்லலாம் என்றாலும் அவர்களிடம் கேட்கப்பட்டது ஏக்கர் கணக்கு மட்டுமே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மண்ணீரல் கணக்கை எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் யாரும் சேர்க்கச் சொல்லவில்லை.

செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, வாரத்தில் சில நாள் தண்ணீரை நிறுத்தி வயலையும் வாய்க்காலையும் உலரவிடுவது. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாதலால் இடையில் ஒருமுறை உலர்ந்தால் புழு செத்துவிடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுதல் என்று இன்றைய வேளாண் அலுவலர்கள் நீர்ச் சிக்கனத்துக்காகப் பரிந்துரைப்பதும் ஏறத்தாழ இதுதான். ரசல் குழுவினர் கொசுவுக்காக அதைப் பட்டுக்கோட்டையில் செய்து பார்த்தார்கள். ஆனால் இதற்கு ஒரு கிளை வாய்க்காலின் தலைமடை முதல் கடைமடை வரை எல்லாரும் ஒரே நாளில் உலரவிட்டு ஒரே நாளில் பாய்ச்ச வேண்டும். அடுத்த முறை தண்ணீர் தன் வயலை எட்டுமா என்று தெரியாத கடைமடை விவசாயி, கட்டியிருக்கும் நீரைத் தன் கையால் வடிக்க மாட்டார். மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் சொல்லும் நாளில் தண்ணீர் வந்தே தீரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இந்த முறை ஓடும். அதற்குப் பொதுப்பணித் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

இரண்டாவது வழி எளிது. பைரித்திரம் என்னும் சாமந்தி வகைப் பூவின் சாற்றை மண்ணெண்ணெயில் கலந்து, வாரந்தோறும் வீட்டுக்குள்ளும் கொட்டிலுக்குள்ளும் தெளித்து, இரத்தம் குடித்து ஒண்டியிருக்கும் கொசுக்களைக் கொல்வது. தென்னாப்பிரிக்காவில் முன்பே கையாளப்பட்டிருந்த இம்முறையை ரசலும் நைப்பும் பட்டுக்கோட்டைச் சிற்றூர்களில் நடத்தி, முதற்பருவ முடிவுகளை 1939-இல் வெளியிட்டார்கள். செலவு குறைவு, பலன் கண்கூடு. இதே ஏரண வரிசையில்தான் போருக்குப் பின் டி.டி.டி. வந்தது, தெளித்தால் சுவரிலேயே மாதக்கணக்கில் தங்கும் அம்மருந்தைக் கொண்டு 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. போரில் அமெரிக்க இராணுவத்தின் மலேரியா வல்லுநராகப் பணியாற்றிய ரசல், பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசகர்களுள் ஒருவராகவும் ஆனார். ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த இந்த வெற்றிக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு: வீட்டுச் சுவரில் மருந்து அடித்தால் காய்ச்சல் நிற்கும் என்றான பிறகு, ஒழுகும் மதகைச் சரிசெய்யச் சுகாதாரத்தின் பெயரால் கேட்பவர் இல்லாமற் போயினர்.

இதற்கிடையில் சட்டமும் வந்தது. ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்தைக் கவனித்த திருவரங்கத்து மருத்துவர் டி. எஸ். எஸ். ராஜனின் காலத்தில் 1939-இல் நிறைவேறிய சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவில் ஒரு மாகாணம் இத்துறைக்கென்று விரிவாக இயற்றிய முதற்சட்டமாகக் கருதப்படுகிறது. நகராட்சிகள் தம் வருவாயில் 30 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கென ஒதுக்க வேண்டும் என்று அது விதித்தது. கொசு ஒழிப்புக்கெனத் தனிப் பகுதியும் அதில் உண்டு. இங்கிலாந்துச் சட்டங்களின் சாயல் அதன் அமைப்பில் தெரிகிறது. தொட்டியும் பள்ளமும் யார் வீட்டில் இருக்கிறதோ அவரைப் பொறுப்பாக்கும் அந்த அணுகுமுறை பெர்மாண்ட்சியின் சந்துகளுக்குப் பொருந்தும். நாலைந்து வட்டங்களைக் கடந்து ஓடும் ஓர் அரசுக் கால்வாய்க்கு எந்த வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பது?

கல்லணைக் கால்வாயை 2,600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் நவீனமாக்கும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். தரையில் கான்கிரீட் போட்டால் தண்ணீர் விரைந்து கடைமடையை எட்டும் என்பது துறையின் வாதம். கசிவு நின்றால் நிலத்தடி நீரும் கிணறும் வற்றும் என்பது கரையோர விவசாயிகளின் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கசிவில் வளர்வது எது என்று 1930-களில் பட்டுக்கோட்டையில் எடுத்த கணக்கையும் அந்தப் பேச்சுவார்த்தையின் மேசைமேல் வைக்க, மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு ஒரு நாற்காலி போடப்பட்டிருக்க வேண்டும்.