பாறைக்குப் பேர் வைத்தவர் பாறைக்குச் சொந்தக்காரர் அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் சுருக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அமெரிக்காவில் பாறையேறும் தடங்களுக்கு வைத்திருக்கும் இழிவான பெயர்களை மாற்றுவது பற்றிப் போன வாரம் ஒரு செய்தியைப் பகிர்ந்திருந்தேன். கீழே வந்த கருத்துகளில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி. "பாறைக்குப் பேர் எல்லாம் ஒரு பிரச்சினையா சார்?" "இவங்களுக்கு வேற வேலை இல்லையா?" "பிடிக்கலேன்னா வேற பாறையில ஏறட்டுமே!" இப்படி எழுதியவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு, என் அக்கா மகனும் உண்டு. தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். செங்குத்தான பாறையில் கையும் காலும் வைத்து ஏறுவதற்கு வாகான ஒரு கோட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். அதுதான் தடம். சில இடங்களில் கயிற்றை மாட்டுவதற்குப் பாறையில் துளையிட்டு போல்ட் அடிக்கிறார்கள். நாள்கணக்கில் உழைப்பு, கைக்காசு, உயிருக்கு ஆபத்து எல்லாம் அதில் உண்டு. அப்படி முதலில் ஏறி முடித்தவர் அந்தத் தடத்துக்குப் பெயர் வைப்பார். இது அவர்களிடையே உள்ள வழக்கம். பெயரும், அது எவ்வளவு கடினம் என்கிற எண்ணும் கையேட்டில் ஏறிவிடும். பின்னால் வருகிற எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்க வேண்டும்.

வயோமிங் மாநிலத்தில் டென் ஸ்லீப் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பாறையேறுபவர்களிடையே பேர்போன இடம். அங்கே ஒரு பாறைச் சுவருக்கு 'ஸ்லேவரி வால்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அடிமைச் சுவர் என்று பொருள். அதிலிருந்த தடங்கள் பலவற்றின் பெயர்களும் அதே வேடிக்கையில் வைத்தவை. மனிதனைச் சந்தையில் நிறுத்தி விற்ற கொடுமை அந்த நாட்டில் சட்டப்படி ஒழிந்தது 1865இல். அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகளுடைய பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே வாழ்கிறார்கள். அவர்களிலும் பாறை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீசாரால் கொல்லப்பட்ட பிறகு இந்தப் பெயர்கள் மீது கேள்வி எழுந்தது. சுவரின் பெயர் மாறியது. வேறு இடங்களிலும் முதலில் ஏறியவர்கள் பலர் தாங்கள் வைத்த பெயர்களைத் தாங்களே மாற்றினார்கள். பெண்களைப் பற்றிய பெயர்களும் நிறைய உண்டு. பலாத்காரத்தையே வேடிக்கையாக்கிய பெயர்கள். அவற்றை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

முதல் வாதம்: உழைத்தவருக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பாறை யாருடையது? டென் ஸ்லீப் பாறைகள் பிக்ஹார்ன் தேசிய வனத்தில் இருக்கின்றன. அது பொதுச் சொத்து. இவர் வந்து போல்ட் அடிப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுகொண்டிருந்த பாறை. தன் நோட்டுப் புத்தகத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். ஊர்ச் சுவரில் எழுதினால் ஊர் கேள்வி கேட்கும். முதலில் ஏறியவருக்கே பெயர் சொந்தம் என்றால், எவரெஸ்ட்டின் உச்சியை 1953இல் முதலில் தொட்ட டென்சிங்கும் ஹிலாரியும் வைத்த பெயர் எங்கே? அங்கே ஏறவே ஏறாத ஒரு நில அளவை அதிகாரியின் பெயரை 1865இல் வைத்தார்கள். திபெத்தியர்கள் சோமோலுங்மா என்று அழைத்துவந்த மலை அது. ஆக, முதலில் ஏறியவரே பெயர் வைப்பது என்பது ஒரு வழக்கம்தான். மனிதர் வைத்த வழக்கத்தை மனிதர் திருத்தலாம்.

இரண்டாவது வாதம்: பெயரை மாற்றினால் வரலாறு அழிந்துவிடும். கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த ஒரு சிகரத்துக்கு மவுண்ட் எவான்ஸ் என்று பெயர் இருந்தது. 1864இல் சேண்ட் க்ரீக் என்ற இடத்தில் செயன், அராபஹோ மக்களைப் படை சூழ்ந்து கொன்றது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அதில் அடக்கம். அப்போது அந்தப் பிரதேசத்தின் ஆளுநர் ஜான் எவான்ஸ். 2023இல் அந்தச் சிகரத்தின் பெயரை மவுண்ட் புளூ ஸ்கை என்று மாற்றினார்கள். அராபஹோ மக்களை நீலவானத்து மக்கள் என்று அழைப்பதுண்டு. இப்போது சொல்லுங்கள், வரலாறு அழிந்ததா? பழைய பெயர் இருந்தவரை வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெயர் மாறியதும் ஏன் மாறியது என்று கேட்கிறார்கள். கேட்டால் சேண்ட் க்ரீக் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. வரலாற்றைப் புத்தகத்தில் வைக்கலாம், கையேட்டின் பின்பக்கத்தில் பழைய பெயரையும் மாற்றிய காரணத்தையும் அச்சிடலாம். ஒருவரை இழிவு செய்யும் சொல்லைத் தினமும் உரக்கச் சொல்ல வைப்பதற்கு வரலாற்றுக் கல்வி என்று பெயரில்லை.

மூன்றாவது வாதம்: இதற்கு எல்லை எங்கே? இன்றைக்கு ஒன்று, நாளைக்கு எல்லாமே என்பார்கள். நியாயமான கேள்வி. பாறையேறுபவர்கள் சாவைப் பற்றி, பயத்தைப் பற்றி, விழுந்து எலும்பு முறிவதைப் பற்றிக் கறுப்பு நகைச்சுவையாகப் பெயர் வைப்பார்கள். அவற்றைத் தொட வேண்டாம். தன் பயத்தைத் தானே கேலி செய்துகொள்கிறவரிடம் யாருக்கும் புகார் இல்லை. கொச்சையான பெயர்கள் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்யவும் நான் சொல்லவில்லை. அந்தக் கேலி யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் போதும். பிறப்பால், நிறத்தால், பெண் என்பதால் ஏற்கெனவே அடிபட்டவர் தலையில் விழுந்தால் மாற்ற வேண்டும். பெயர் வைத்தவர் உயிரோடிருந்தால் முதலில் அவரிடமே கேட்கலாம். இந்த அளவுகோல் அவ்வளவு கடினமா?

நான்காவதுதான் என் அக்கா மகன் எழுதியது: "பிடிக்கலேன்னா வேற பாறை." தம்பி, இதுதான் எனக்கு உறுத்துகிறது. பெயர் வைத்தவர் ஒருமுறை சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். ஒரு கறுப்பினப் பெண் அந்தத் தடத்தைத் தேடும்போதெல்லாம் தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். இரவு அம்மாவிடம் போனில், "இன்றைக்கு எதில் ஏறினேன் தெரியுமா?" என்று சொல்ல வரும்போது நாக்கு நிற்கும். பொது இடத்தில் அவள் மட்டும் ஏன் வேறு பாறை தேட வேண்டும்?

முப்பத்து மூன்று ஆண்டுகள் வருகைப் பதிவேடு வாசித்தவன் நான். வகுப்பில் பட்டப்பெயர்கள் எப்படிப் பிறக்கும் என்று எனக்குத் தெரியும். நிறத்தை, திக்குவாயை, அப்பா செய்யும் தொழிலை வைத்துப் பெயர் சூட்டுவார்கள். கேட்டால், "சும்மா விளையாட்டுக்கு சார்" என்பார்கள். என் பதில் உங்களுக்கு நினைவிருக்கலாம்: "விளையாட்டா இல்லையா என்பதை அவன் சொல்லட்டும், நீ சொல்லாதே." இருபது வருடம் கழித்து நடக்கும் பழைய மாணவர் சந்திப்புக்கு, அந்தப் பெயர் காதில் விழும் என்பதற்காகவே வராதவர்கள் உண்டு. பெயர் வைத்தவர்கள் கலகலப்பாக வந்து, "அவன் ஏன் சார் வரல?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

அதிலும் நாம் இதைக் கேட்டுச் சிரிப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்க்க வேண்டாம் என்று தீர்மானம் போட்ட மண் இது. 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025இல் நம் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. முகவரியைச் சொல்லத் தயங்கிய பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். நீங்களும் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

பெயரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. கறுப்பின இளைஞருக்குக் கயிறும் காலணியும் வாங்கக் காசு வேண்டும், மலைக்குப் போக வண்டி வேண்டும், போகிற இடத்தில் சந்தேகக் கண்ணோடு பார்க்காத மனிதர்கள் வேண்டும். இவையெல்லாம் பெரிய வேலைகள். பெயரை மாற்றுவது சின்ன வேலை. சின்ன வேலைக்கே இத்தனை முணுமுணுப்பு என்றால், பெரிய வேலைக்கு யார் தோள் கொடுக்கப் போகிறார்கள்?

மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள், படிக்கிறேன். என்னோடு வாதாடினால் மதிப்பெண் குறையும் என்ற பயமெல்லாம் இப்போது வேண்டாம். எழுதும் முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பள்ளியில் உங்களுக்கு வைத்த பட்டப்பெயரை ஒரு பாறையில் எழுதி, உங்கள் மகளை அழைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும், "பாறைக்குப் பேர் ஒரு பிரச்சினையா சார்?" என்று கேட்கத் தோன்றினால் கேளுங்கள்.