சில்லுப் பூட்டிய வீடு

தெமட்டகொடையில் குடியிருப்போருக்குப் புகையிரதத்தின் ஓசை தாலாட்டுப் போன்றது. எஞ்சின் கொட்டகைப் பக்கமிருந்து நள்ளிரவிலும் ஏதாவதொரு முழக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டவாறே உறங்கப் பழகியவர்கள் நாம். ஓடுவது வண்டி, நிற்பது வீடு என்னும் வேறுபாட்டில் எமக்கு ஒருபோதும் ஐயம் எழுந்ததில்லை. அந்த ஐயத்தை எழுப்பிவைத்தவர் கனடாவிலுள்ள எமது மருமகன்.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பொங்கலை மகள் வீட்டில் கொண்டாட விரும்பி நாமும் எமது மனைவியும் ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதிக்குச் சென்றிருந்தோம். வாசலில் வெண்பனி முழங்காலளவுக்குக் குவிந்து கிடந்தது. அதன் நடுவே வெள்ளை நிறத்தில் பெரியதொரு பெட்டி நின்றது. கதவு இருந்தது, யன்னல்கள் இருந்தன, கூரையும் இருந்தது. கீழே பார்த்தால் நான்கு சில்லுகள்! ‘டிரெயிலர்’ என்று பேரப்பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். பனிக்காலத்தில் இவற்றை வாங்குவோர் குறைவாதலால் விலை தாழ்வாகக் கிடைத்ததென்று மருமகன் கூறினார். இருபது அடி நீளமுள்ள அந்தப் பெட்டிக்குள் குசினி, மேசை, ஆறு பேருக்குப் படுக்கை, குளியலறை எல்லாம் அடங்கியிருந்த விந்தையைக் கண்டு எமது மனைவி மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

இத்தகைய வண்டி நேற்று முளைத்ததன்று. 1885-ஆம் ஆண்டிலே கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டுக் கடற்படை வைத்தியர், ‘வாண்டரர்’ என்று பெயரிட்ட வீட்டு வண்டியொன்றில் குதிரைகளைப் பூட்டிப் பிரித்தானியாவில் நெடுந்தூரம் உலாப் போனார். உல்லாசத்துக்காக வீட்டையே இழுத்துக்கொண்டு போகும் வழக்கத்துக்கு அவரையே முன்னோடியாகக் கூறுவர். குதிரையின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்துக்கொண்டதுதான் பிற்காலத்து மாற்றம்.

பொங்கல் கழிந்த மறுவாரம் பயணம் என்று தீர்மானமாயிற்று. ஹியூரன் ஏரிக்கரையிலே, போர்ட் எல்ஜின் என்னும் ஊருக்கருகில், மக்கிரகர் பொயின்ற் என்றொரு மாகாணப் பூங்கா உண்டு. பனிக்காலத்திலும் இவ்வகை வண்டிகளை நிறுத்தி மின்சாரம் பெற்றுத் தங்க அங்கே வசதி செய்திருக்கிறார்கள். மரங்களினூடே பனிக்கட்டிப் பாதையொன்று அமைத்துச் சிறுவர் சறுக்கி விளையாடவும் விடுகிறார்கள். பிள்ளைகளின் ஆசைக்கு அதுவே காரணம்.

வண்டியில் சாமான் ஏற்றும் பொறுப்பை எமது மனைவி ஏற்றுக்கொண்டாள். அரிசி மூடை, மாவு, தேங்காய்கள், தண்ணீர்க் கலன்கள், அம்மிக்குப் பதிலான அரைக்கும் பொறி என்று யாவும் பின்பக்கத்து அலுமாரிக்குள் புகுந்தன. இனி வழியெல்லாம் அந்த வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே போகலாம் என்பது அவளது எண்ணம். ஆனால் இழுத்துச் செல்லும்போது உள்ளே ஒருவரும் இருத்தல் ஆகாது என்பது ஒன்ராறியோ மாகாணச் சட்டம். “வீடு வாங்கியும் வீட்டுக்குள்ளை இருக்கக் கூடாதெண்டால் இதென்ன நியாயம்?” என்று முணுமுணுத்தபடி மோட்டார் வண்டியில் ஏறினாள்.

மருமகன் வண்டியின் பின்னாலுள்ள இரும்புக் குண்டின்மேல் டிரெயிலரின் வாயைப் பொருத்திப் பூட்டினார். அதன் கீழ் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினார். பூட்டு தற்செயலாகக் கழன்றாலும் முன்புறம் நிலத்தில் குத்தாமல் அச்சங்கிலிகள் தொட்டில் போல் தாங்கிக்கொள்ளுமாம். விளக்குகளுக்கும் தடைக்கருவிக்குமான மின்கம்பியையும் கொளுவி, இடமும் வலமும் சைகை விளக்கு எரிகிறதா என்று எம்மைப் பின்னால் நிறுத்திப் பார்த்துக்கொண்டார்.

புறப்பட்டுச் சற்றுத் தூரம் சென்றதும் பின்னால் வந்த வீடு நாயின் வாலைப் போல இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. மருமகன் பதறித் தடையை மிதிக்கவில்லை. வேகத்தை மெல்லத் தளர்த்தி, டிரெயிலரின் தடையை மட்டும் கையால் இயக்கி, ஆட்டம் அடங்கிய பின் வீதியோரம் நிறுத்தினார். அப்பொழுது எமக்குச் சிறுவயதில் யாழ்ப்பாணத்து வண்டிற்காரர் சொல்லக் கேட்ட ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. “தம்பி, இது பின்பாரம்!” என்றோம்.

மாட்டுவண்டில் கட்டியவர்கள் இதை நன்கு அறிவார்கள். சுமை முன்னே மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். முன்பாரம் சற்றே கூடியிருக்க ஏற்றுவதில்தான் வண்டிற்காரனின் கெட்டித்தனம் இருக்கிறது. மோட்டார் யுகத்தின் கணக்கும் அதுவே. டிரெயிலரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குவரை கொளுவும் இடத்தில் அமர வேண்டும். 2,000 கிலோ எடையானால் 200 முதல் 300 கிலோ. அது குறைந்தால் வண்டி ஆடும்; பனி உறைந்த வீதியில் ஆடினால் கவிழ்ந்தும் போகும். அரிசி மூடையும் தண்ணீரும் முன்னே இடம் மாறின, ஆட்டம் நின்றது. “மாமாவுக்கு வண்டில் சாத்திரம் தெரியும்” என்று மருமகன் மெச்சினார். எமக்கு உச்சி குளிர்ந்தது. அந்தப் பெருமை மறுநாள் விடியற்காலைவரைகூட நிலைக்கவில்லை என்பதை வாசகர் பின்னர் அறிவர்.

ஆரஞ்ச்வில், ஓவன் சவுண்ட் ஆகிய ஊர்களைத் தாண்டி ஊர்ந்து சென்று, பொழுது சாயும் வேளையில் பூங்காவை அடைந்தோம். ஒரு வீட்டை ஓரிடத்தில் ‘குடியமர்த்துவது’ எத்தனை வேலை என்பதை அங்கேதான் கண்டோம். முதலில் சில்லுகள் நிற்குமிடத்தில் பலகை இட்டார் மருமகன். இல்லையேல் சில்லின் சூட்டில் உருகிய பனி மீண்டும் உறைந்து சில்லை நிலத்தோடு பிணைத்துவிடுமாம். பின்னர் இடவலச் சமநிலை பார்த்தார்; சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை வைத்தார்; அதன் பின்னரே மோட்டார் வண்டியைக் கழற்றினார். இந்த வரிசை பிசகினால் வீடு தன்பாட்டில் உருண்டோடிவிடும். ஈற்றில் முன்புறத்தை உயர்த்தி மட்டமாக்கி, நான்கு மூலைகளிலும் கால்களை இறக்கினார்.

குழாயைத் திருகினால் தண்ணீர் வராது. உள்ளே நீர் உறைந்தால் குழாய் வெடிக்குமாதலால், விற்றவர்களே நீரை வடித்துவிட்டு உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை நிரப்பியிருந்தார்கள். எனவே கலனில் கொண்டுபோன தண்ணீரைக் கிள்ளித் தெளித்தே சமையல் நடந்தது. தண்ணீர் வெட்டுக்குப் பழகிய கொழும்புவாசிகளான எமக்கு அது புதிதன்று.

அடுப்புக்கும் வெப்பமூட்டிக்கும் எரிவாயு. இலங்கையில் நாம் வாங்கும் சிலிண்டரில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கின்றன. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் பல வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது இவ்விரண்டின் விகிதம் பற்றிய பேச்சு நாடெங்கும் எழுந்ததை வாசகர் மறந்திரார். கனடாவின் பனியிலோ புரொப்பேன் ஒன்றே உதவும். பூச்சியத்தை ஒட்டிய குளிரிலேயே பியூட்டேன் ஆவியாகாமல் திரவமாகக் கிடந்துவிடும்; புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகைவரை ஆவியாகும். அன்றிரவு வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை. நமது ஊர்ச் சிலிண்டரை அங்கு கொண்டுபோயிருந்தால் சோறு வெந்திராது.

சோறு வெந்தது, பருப்புக் கொதித்தது, ஆறு பேரும் நெருக்கியடித்து உண்டோம். அந்தச் சிறு வீட்டில் எழுந்த ஆவி முழுவதும் யன்னல் கண்ணாடியில் வழிந்து ஓடியது. எரிவாயு எரியும்போதும் நீராவி உண்டாகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் பிறக்கும். ஆகையால் மருமகன் கூரையிலுள்ள காற்றுத் துவாரத்தைச் சற்றுத் திறந்து, ஒரு யன்னலையும் விரலளவு நீக்கி வைத்தார். “மாமா, இதுகளை மூடக் கூடாது. ஈரத்துக்கு மட்டுமில்லை, மூச்சுக்கும் இதுதான் வழி” என்றார்.

எமக்கு அது பேதைமையாகத் தோன்றியது. பணம் கொடுத்து வாங்கிய வாயுவை எரித்து ஆகாயத்துக்குச் சூடு காட்டுவதா? யன்னலருகே படுத்திருந்த எமது முதுகில் ஊசிக் குளிர் இறங்கியது. எல்லோரும் உறங்கிய பின் ஓசைப்படாமல் எழுந்தோம். யன்னலை இறுக்கினோம், துவாரத்தைச் சாத்தி, இடுக்கில் துவாயையும் செருகினோம். குளிர் நின்றது. வண்டில் சாத்திரம் அறிந்த மாமாவுக்கு வீட்டுச் சாத்திரமுமா தெரியாது என்ற எண்ணத்துடன் கண்ணயர்ந்தோம்.

விடியற்காலை நான்கு மணியளவில் எமது மனைவி தேநீர் வைக்க எழுந்திருக்கிறாள். கேத்தலை இறக்கிய பின்பும், கைகாயட்டும் என்று இரண்டு அடுப்புகளையும் எரியவிட்டுக் கதிரையில் அமர்ந்திருக்கிறாள். தலை சற்றுப் பாரமாக இருந்ததாம். குளிராக்கும் என்று நினைத்தாளாம். திடீரென்று சுவரிலிருந்த சிறு கருவி காது கிழியக் கூவியது. மருமகன் பாய்ந்தெழுந்து அடுப்பை அணைத்தார், கதவைத் திறந்தார், பிள்ளைகளைக் கம்பளியோடு வாரித் தூக்கினார். இரண்டு நிமிடத்தில் ஆறு பேரும் பனியில் நின்றோம்.

மோட்டார் வண்டிக்குள் எம்மை அமர்த்திய பின் அவர் கேட்டது ஒன்றே. “மாமா, யன்னலை மூடினியளோ?”

நாம் தலைகுனிந்தோம். அவர் மேலே ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். பேத்தி எமது மடியில் மீண்டும் உறங்கிப்போனாள். அவளது மூச்சை விடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தோம்.

காற்றோட்டமற்ற இடத்தில் நெருப்பு எரிந்தால் ஒட்சிசன் குறைகிறது. குறைந்ததும் எரிதல் முற்றுப்பெறாமல் காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலே ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது ஒட்டிக்கொள்ளும். தலைப்பாரம், மயக்கம், பின்னர் உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து பலர் எழுவதில்லை. 2008-ஆம் ஆண்டு மார்கழியில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் தாய், தந்தை, இரு பிள்ளைகள் என ஒரு குடும்பமே மாண்டது. அவர்களது பெயரைத் தாங்கிய சட்டமே 2014-ஆம் ஆண்டில் அம்மாகாணத்து வீடுகளில் இந்த எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. எம்மை எழுப்பியதும் அத்தகைய கருவியே.

பனிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று வாசகர் எண்ணலாம். நமக்கும் வேண்டியதே. நுவரெலியாவுக்கு மார்கழி, தை மாதங்களில் போகிறவர்கள், குளிருக்கு அஞ்சி அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே கரியடுப்பை வைக்க நினைப்பதுண்டு. 2022-ஆம் ஆண்டு பங்குனியில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது மின்பிறப்பாக்கியின் அவசியத்தைப் பலரும் உணர்ந்தோம். அதை வீட்டுக்குள்ளோ நடையிலோ வைத்து இயக்குவதும் அதே ஆபத்துத்தான். கணப்பும் கரியடுப்பும் பொறியும் மனிதரைப் போலவே காற்றை உண்பவை. சிறிய வீட்டில் அவை முந்திக்கொண்டால் நமக்கு மிச்சமிராது. யன்னலைத் திறந்து வைத்தாலும் கரியடுப்பையும் மின்பிறப்பாக்கியையும் வீட்டுக்குள் இயக்கவே கூடாது; மற்ற நெருப்பையும் உறங்கும் முன் அணைத்துவிட வேண்டும். தலை பாரமாக இருந்தால் முதலில் வெளியே வரவேண்டும். தேநீரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய தெமட்டகொடை வீடுகளில் யன்னலுக்கு மேலே துளைகள் விட்டுச் சுவர் கட்டியிருப்பார்கள். அவற்றின் வழியே தூசியும் புகையிரத ஓசையும் வருகின்றனவென்று சிமெந்திட்டு அடைத்துவிட வேண்டுமென நாமே பலமுறை கூறியதுண்டு. ஊர் திரும்பிய அன்று கொத்தனாரை அழைக்கவா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றோம். அந்தத் துளைகளின் வழியே இப்பொழுதும் எஞ்சினின் முழக்கம் வருகிறது. கூடவே காற்றும் வருகிறது.