யானைக்குக் கொட்டகை மட்டும் போதுமா?

இலங்கையில் இருந்து நியூசிலாந்துக்கு ஒரு யானை போக வேண்டும். ஆனால் நேரே போக முடியாது. நடுவழியில் ஒரு சின்னத் தீவில் இறங்கித் தங்க வேண்டும்!

அஞ்சலி என்ற பெண் யானைக்கு 2015-ம் ஆண்டில் இப்படித்தான் நடந்தது. அது பின்னவல யானைக் காப்பகத்தில் இருந்த யானை. நியூசிலாந்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. பசிபிக் கடலில் உள்ள நியுவே தீவில் அதைச் சுமார் 3 மாதம் தனியே வைத்திருந்தார்கள். நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே ஆக்லாந்து மிருகக்காட்சி சாலைக்குள் விட்டார்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி?

நியூசிலாந்தின் பெரும் செல்வம் ஆடும் மாடும்தான். பாலும் வெண்ணெயும் இறைச்சியும் அங்கிருந்து பல நாடுகளுக்குப் போகின்றன. கோமாரி நோய் அந்த நாட்டுக்குள் இதுவரை நுழைந்ததே இல்லை. அந்த நோய் யானைக்கும் வரும். ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் குடியானவர் பிழைப்பில் மண் விழும். அதனால்தான் 1993-ல் ஒரு சட்டம், 1996-ல் இன்னொரு சட்டம். பாம்பை மிருகக்காட்சி சாலையில்கூட வைக்க அங்கே அனுமதி இல்லை!

வீட்டுக்காரர் தன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறார். அது குற்றம் ஆகுமா? ஆகாது. ஆனால் தாழ்ப்பாள் இருப்பதை மறந்து விருந்துக்குத் திட்டம் போட்டால், துன்பப்படுவது வாயில்லாப் பிராணிதான்.

பர்மா என்ற யானையின் கதை அதைச் சொல்லும்.

பர்மா 1990-ல் ஆக்லாந்துக்கு வந்தது. அங்கே அதற்குக் காஷின் என்ற தோழி இருந்தது. 2009-ல் காஷின் இறந்துவிட்டது. பெண் யானைகள் தாய், மகள், அக்காள், தங்கை என்று கூடியே வாழும். பர்மாவோ ஏறக்குறைய 6 ஆண்டுகள் ஒற்றையாக நின்றது. காவலர்கள் அதை அன்போடு உலாவ அழைத்துப் போனார்கள். ஆனாலும், யானைக்கு மனிதன் உறவு ஆவானா?

பிறகு அஞ்சலி வந்தது. ஒன்று இரண்டு ஆயிற்று. அடுத்து நந்தி என்ற குட்டியை அனுப்புவதாக 2016-ல் பேச்சு. இலங்கையில் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நந்தி வரவில்லை. கூட்டமும் சேரவில்லை. கடைசியில், 2024 அக்டோபரில் பர்மாவே விமானம் ஏறி ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று.

ஆஸ்திரேலியாவிலும் சட்டம் கடுமைதான். அங்கே 2006-ல் தாய்லாந்தில் இருந்து யானைகள் வந்தன. அவையும் கோகோஸ் தீவில் தங்கி, சோதனை முடிந்த பிறகே உள்ளே போயின. ஆனால் வந்தவை ஒன்றல்ல, எட்டு! சிட்னிக்கு ஐந்து, மெல்போர்னுக்கு மூன்று. 2009-ல் சிட்னியில் ஒரு குட்டியும் பிறந்தது. அந்த நாட்டில் பிறந்த முதல் யானைக்குட்டி அதுதான்.

வித்தியாசம் எங்கே? சட்டத்தில் அல்ல, திட்டத்தில்!

வெப்ப நாட்டுப் பிராணிக்கு இடம் அமைப்போர் கொட்டகையின் நீள அகலத்தை அப்புறம் அளக்கலாம். முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இந்தப் பிராணி இந்த நாட்டுக்குள் வர முடியுமா? துணையோடு வர முடியுமா? ஒன்று இறந்தால் இன்னொன்று கிடைக்குமா?

‘இல்லை’ என்று பதில் வந்தால் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். சொந்த நாட்டிலேயே குட்டி போட்டுப் பெருகும் வேறு பிராணிகளை வைக்கலாம். பார்க்க வரும் குழந்தைகள் அவற்றையும் ஆவலோடு பார்ப்பார்கள்.

யானை இல்லாத மிருகக்காட்சி சாலை குறை உடையது அல்ல. துணை இல்லாத யானைதான் குறை!