அடகு வைத்த நகை பத்திரமா?

முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் திறந்துவிட்டால், கம்பம் பள்ளத்தாக்கில் நடவு தொடங்கும். உரம் வாங்க வேண்டும். ஆள் கூலி கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள சங்கிலியும் வளையலும் கூட்டுறவுச் சங்கத்துக்கு அடகு போகும்.

அங்கே நகை பத்திரமாக இருக்கிறதா? பார்த்துச் சொல்ல வேண்டியவர் தணிக்கையாளர், அதாவது, ஆடிட்டர்.

நகை இல்லாத கடன்!

2021-ம் ஆண்டு தமிழக அரசு, கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரையுள்ள நகைக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. கடன்களை ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டின் சில சங்கங்களில், நகையே இல்லாமல் கடன் கொடுத்திருந்தது தெரிந்தது. சில இடங்களில் போலி நகைக்குப் பணம் போயிருந்தது!

நோட்டில் "3 பவுன்" என்று எழுதியிருக்கும். நோட்டை மட்டும் பார்த்தால் கணக்கு சரி. பையைப் பிரித்து, எடை போட்டு, உரசிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். தணிக்கையின் தரம் என்பது இதுதான்.

பெரிய கம்பெனியிலும் இதே கதை. ஐதராபாத் "சத்யம்" கம்பெனி, பாங்கியில் இல்லாத 5,040 கோடி ரூபாயை இருப்பதாகக் காட்டியது. 2009 ஜனவரி 7-ந் தேதி அதன் தலைவரே இதை ஒப்புக்கொண்டார். கம்பெனி காட்டிய காகிதத்தை நம்பாமல், ஆடிட்டர்கள் பாங்கியிடம் நேராக விசாரித்து உறுதி செய்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும்.

கட்டணம் எப்படி?

கணக்கு எவ்வளவு, கிளைகள் எத்தனை, எத்தனை நாள் வேலை என்பதைப் பொறுத்து ஆடிட்டர் கட்டணம் அமையும். கட்டணத்தை மிகவும் குறைத்தால், பத்து நாள் வேலை மூன்று நாளில் முடிந்துவிடும்.

கூடக் கொடுத்தால் போதுமா? போதாது! கம்பெனிதான் ஆடிட்டருக்குப் பணம் கொடுக்கிறது. "குற்றம் சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களே" என்ற பயம் வரலாம். அதனால்தான் 2013-ம் ஆண்டுச் சட்டம், பங்குச் சந்தையிலுள்ள கம்பெனிகள் ஒரே தணிக்கை நிறுவனத்தைத் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசின் தணிக்கைத் துறையே இருக்கிறது. அங்கே வேண்டியது, ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார்க்கப் போதிய ஆளும் நாளும்.

நீங்கள் சங்க உறுப்பினரா? பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போங்கள். காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். "நகையை எடை போட்டுப் பார்த்தார்களா?" என்று கேளுங்கள்.

அங்கே இருப்பது உங்கள் வீட்டுச் சங்கிலி!