நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில்

2024 ஜூன் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. கள்ளச்சாராயம் குடித்து உயிர் போனால், அதைக் காய்ச்சி விற்றவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு, பத்து லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு என்றது திருத்தம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஒரே தெருவிலிருந்து பிணங்கள் வரிசையாகப் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் சாவுகளைப் பற்றி முதலில் பேச வேண்டும் என்று அமளி செய்த பிரதான எதிர்க்கட்சியினர் கூட்டத்தொடர் முழுக்க இடைநீக்கம் செய்யப்பட்டு வெளியே இருந்தார்கள். 65க்கும் மேற்பட்டவர்கள் செத்த ஒரு விஷயத்தில் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய விவாதம் இன்னும் நடக்கவில்லை.

விஷம் விற்றவரைக் கடுமையாகத் தண்டிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கருணாபுரத்தில் சட்டம் போதாமல் போனதாலா சாவு வந்தது? பாக்கெட் சாராயம் அங்கே ஒளிவுமறைவாக விற்கப்படவில்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. விற்பவர் யார், எந்த நேரத்தில் விற்பார் என்பது தெருவுக்கே தெரியும். போதை ஏற வேண்டும் என்று அதில் கலக்கப்பட்டது மெத்தனால். பெயிண்டுக்கும் ரசாயன ஆலைகளுக்கும் கரைப்பானாகப் போகிற பொருள் அது. உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மதுராந்தகம் பக்கத்திலும் இதே மெத்தனால் 20 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. அது எந்த வழியாக வந்தது என்று பிடித்து அந்த வழியை அப்போதே அடைத்திருந்தால் கருணாபுரம் தப்பியிருக்கும். ஜூன் 19 அன்று முதல் சாவுகள் விழுந்தபோது கள்ளச்சாராயம் காரணம் இல்லை என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. ஆட்சியரை மாற்றினார்கள், எஸ்.பி.யை சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மது பற்றி இந்த மாநிலத்தில் நடக்கும் எல்லாப் பேச்சும் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும். கடையை மூடினால் கள்ளச்சாராயம் ஆறாக ஓடும் என்பது ஒன்று. கடையை மூடினால் குடும்பங்கள் பிழைக்கும் என்பது மற்றொன்று. முதல் வாக்கியம் கருணாபுரத்தில் உடைந்தது. அங்கே டாஸ்மாக் கடை மூடியிருக்கவில்லை. அப்போது குவார்ட்டர் 140 ரூபாய், பாக்கெட் அறுபது ரூபாய்க்குள் என்றால், மூட்டை தூக்கிவிட்டு வரும் மனிதர் எதை வாங்குவார் என்று கேட்கவே வேண்டாம். கடை திறந்திருந்தும் சாராயம் ஓடியது. ஆட்சியில் இருப்பவர்கள் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்த சமாதானத்துக்கு இதன் பிறகு என்ன மதிப்பு?

இரண்டாவது வாக்கியம் உடைந்த இடம் பீகார். 2016 ஏப்ரலில் அங்கே முழு மதுவிலக்கு வந்தது. பெண்கள் கேட்டார்கள், நிதிஷ் குமார் கொடுத்தார். அந்தக் கோரிக்கை நியாயமானது, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குடித்தவரையே சிறையில் தள்ளுகிற சட்டமாக அது எழுதப்பட்டது. ஜாமீன் மனுக்களால் நீதிமன்றங்கள் மூச்சுத் திணறின. தொலைநோக்கு இல்லாமல் சட்டம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா பொதுமேடையிலேயே பீகாரைச் சுட்டிக்காட்டினார். 2022இல் முதல்முறை பிடிபட்டவர்களை அபராதத்தோடு விடலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் குவிந்தன. வழக்கு வருமே என்று பயந்து, இறந்தவர் குடித்தார் என்பதையே மறைத்த குடும்பங்கள் உண்டு. பெண்களைக் காப்பாற்ற வந்த சட்டம், செத்த கணவனைப் பற்றி அவர்களையே பொய் சொல்ல வைத்தது.

ஆந்திரத்தின் கதை இன்னும் வலிக்கிறது. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள், பாடப் புத்தகத்தில் தங்கள் கதையைப் போன்ற ஒரு கதையைப் படித்துவிட்டுச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992இல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. 1995இல் என்.டி. ராமாராவ் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997இல் சந்திரபாபு நாயுடு அதை எடுத்துவிட்டார். கிராமத்தில் பெண்கள் கையில் இருந்த ஒன்று தலைநகரத்துக்குப் போனது, போன இடத்தில் கஜானாக் கணக்கில் கரைந்தது.

தமிழ்நாட்டுக் கஜானாவின் கணக்கையும் பார்க்க வேண்டும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருமான இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. 1948இல் ஓமந்தூரார் காலத்தில் மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971இல் கலைஞர் அதைத் தள்ளிவைத்தார், 1974இல் மீண்டும் கொண்டுவந்தார், 1981இல் எம்.ஜி.ஆர். தளர்த்தினார், 2003 நவம்பரில் ஜெயலலிதா சில்லறை விற்பனையை முழுக்க டாஸ்மாக்கிடம் கொடுத்தார். மதுவிலக்கு போயிற்று, அதற்காக வந்த விற்பனை வரி இருந்துகொண்டது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியின் பெரும்பகுதியை நிர்ணயிக்கும் அதிகாரமும் மாநிலத்தின் கையைவிட்டுப் போனது. பெட்ரோலும் மதுவும்தான் மிச்சம். 2023-24இல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 45,855 கோடி. எந்தக் கட்சி ஆண்டாலும் இதை விட மனம் வராததற்குக் காரணம் வெறும் பேராசை என்று சொல்லிவிட முடியாது. மாநிலங்களின் வரி உரிமையைப் பறித்த டெல்லிக்கும் இதில் பங்கு இருக்கிறது. மதுவிலக்கு மேடைகளில் இதை யாரும் பேசுவதில்லை.

கடைகளைக் குறைத்தோமே என்பார்கள். 2016இல் 500, 2017இல் 500, 2023 ஜூனில் 500 மூடப்பட்டன. கடைசியாக மூடிய பிறகு மிச்சம் 4,829 கடைகள். ஆனால் 2022-23இல் 44,121 கோடியாக இருந்த வருவாய் அடுத்த ஆண்டு கூடியதே தவிரக் குறையவில்லை. எந்தக் கடையை மூடுவது என்று முடிவு செய்தது விற்கிறவர்தான். கடைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். எந்த மாவட்டத்திலும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டா, உதவித்தொகை மனுக்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே மனுவோடு நிற்பார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துகள், கீழே நீல மையில் பெருவிரல் ரேகைகள், பள்ளிக்கூடம் போகும் வழியைக் காட்டும் ஒரு போட்டோ. மனுவில் ஒரு எண் போட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். சில வாரம் கழித்துப் பதில் வரும்: கடை விதிகளுக்கு உட்பட்டே செயல்படுகிறது. 2003ஆம் ஆண்டு விதிப்படி பள்ளி, கோயில் முதலியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளியிருந்தால் போதும். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, தண்ணீர் பிடிக்கும் குழாய் எதுவும் அந்த அளவையில் வராது. இருட்டியபின் வேலை முடிந்து அந்த வழியாக நடந்து வரும் பெண்ணின் பயத்தையும் அந்த டேப் அளக்காது.

கிராமசபையிலும் தீர்மானம் போடுகிறார்கள். கிராமசபை கூடும் நாட்களில் குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாளும் கடைக்கு விடுமுறை. கடை பூட்டியிருக்கும் நாளில் கடையை அகற்றக் கைதூக்கிவிட்டு வருகிறார்கள், மறுநாள் பகல் பன்னிரண்டுக்குக் கம்பிக் கதவின் சிறு திறப்பில் கைகள் நீள்கின்றன. நீதிமன்றம் வரை போய் ஆணை வாங்கி வந்த ஊர்கள் உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத ஊர்களே அதிகம்.

மகாராஷ்டிரத்தில் வேறொரு வழி இருக்கிறது. ஊரிலுள்ள பெண் வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால், அந்த ஊர்க் கடை இருக்கலாமா வேண்டாமா என்று கலெக்டர் ரகசிய வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். ஓட்டுச் சீட்டில் இரண்டு சின்னங்கள். நிற்கும் பாட்டில் என்றால் கடை இருக்கட்டும், படுத்த பாட்டில் என்றால் மூடட்டும். உபி பாட்லி, ஆட்வி பாட்லி என்று மராத்தியில் சொல்வார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் அது புரியும். படுத்த பாட்டிலுக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் உரிமம் போய்விடும். ராஜஸ்தானிலும் இப்படி ஒரு விதி 1975 முதல் இருக்கிறது. ராஜ்சமந்த் மாவட்டத்துக் காச்பலி கிராமம் 2016இல் அந்த விதியைக் கொண்டு ஓட்டுப் போட்டே கடையை மூடியது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூரில் மாவட்டம் முழுமைக்கும் 2015இல் கொண்டுவந்த மதுவிலக்கு 2021இல் நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து வந்த தடையை ஓர் அமைச்சரவைக் கூட்டத்தில் எடுத்துவிட்டார்கள். ஓர் ஊர் ஓட்டுப் போட்டு மூடிய கடையைத் திறக்க வேண்டுமானால் அந்த ஊரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. இங்கே மூடினால் பக்கத்து ஊரில் போய்க் குடிப்பார்கள் என்பார்கள். சிலர் போவார்கள்தான். ஆனால் வேலைவிட்டு வருகிறவன் வீட்டு வாசலிலேயே கடை இருப்பதும் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருப்பதும் ஒன்றல்ல. கூலிப் பணம் வீடு வந்து சேருமா என்பது பல நாளும் அந்த நான்கு கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

நாம் அஞ்சுகிற எதிர்வாதம் வேறு. ஊர் ஓட்டுப் போட்டால் கடை எங்கே போகும்? ஊர்த்தெருவை விட்டுக் காலனிக்குத்தான் போகும். சுடுகாட்டிலிருந்து குப்பைக் கிடங்கு வரை ஊர் தனக்கு வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் எங்கே போய் நின்றது என்று தெரிந்தவர்கள் இந்த அச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே தமிழ்நாட்டில் இப்படி ஒரு விதி வருமானால் வாக்கெடுப்பு ஊராட்சி முழுமைக்குமாக இருக்கக் கூடாது. வார்டு வார்டாக நடக்க வேண்டும். ஒரு குடியிருப்பின் பெண்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றால், ஊராட்சியின் மற்ற வார்டுகள் என்ன சொன்னாலும் அந்தக் குடியிருப்பில் கடை கூடாது. மூடிய கடையை வேறு வார்டுக்கு மாற்றவும் அந்த வார்டின் சம்மதம் வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் இல்லாத வாக்கெடுப்பை நாம் ஆதரிக்க மாட்டோம்.

கருணாபுரத்துக் குடும்பங்களுக்குத் தலா பத்து லட்சம் கொடுத்தபோது, குடித்துச் செத்தவனுக்கு எங்கள் வரிப்பணமா என்று கேட்டார்கள். டீக்கடையிலும் கேட்டார்கள், தொலைக்காட்சியிலும் கேட்டார்கள். செத்தவர்களில் மிகப் பலர் அன்றாடக் கூலிகள், பட்டியல் சாதியினர். அந்தப் பணம் செத்தவனுக்குப் போகவில்லை, மிஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்குப் போனது. 45,000 கோடியில் ஒவ்வொரு நாளும் குவார்ட்டர் குவார்ட்டராகத் தங்கள் பங்கைக் கட்டியவர்கள் இவர்களைப் போன்ற கூலிக்காரர்கள்தான். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் வெட்கப்பட வேண்டும்.

கடையை மூடும்போது ஏற்கெனவே அடிமையாகிவிட்டவரை என்ன செய்வது என்பதையும் சட்டம் சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் அடைபட்டபோது கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று தவித்தவர்களும், கிடைத்த ரசாயனத்தைக் குடித்து இறந்தவர்களும் உண்டு. குடி அளவுக்கு மீறிப் பழகிய உடலில் அதைத் திடீரென்று நிறுத்துவது மருத்துவக் கண்காணிப்பில் நடக்க வேண்டிய காரியம். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் இதற்கெனப் படுக்கையும் மருத்துவரும் வேண்டும். மது வருவாயில் ஒரு பங்கை இதற்கென்று சட்டத்திலேயே எழுதி ஒதுக்க வேண்டும், செலவுக் கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். இருபது ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு மாற்றுப் பணி தருவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

2003ஆம் ஆண்டு விதிகளில் ஒரு திருத்தம் செய்தால் வார்டு வாக்கெடுப்பைக் கொண்டுவர முடியும். அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கி நடக்கும்படி அரசுக்குச் சொல்கிறது. அடுத்த கிராமசபைக்குப் போகும் வாசகர்கள், கடையை அகற்றக் கோரும் தீர்மானத்தோடு வாக்கெடுப்பு உரிமை கோரும் தீர்மானத்தையும் மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள், நகலைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், மதுவிலக்கு கொண்டுவருவீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். எங்கள் தெருக் கடை மேல் எங்களுக்கு ஓட்டு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்பவரிடம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.